தில்லியை மட்டும் திட்டலாம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, இத்தனை பேர் எதற்காக என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஆலய வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. மழை நின்ற பிறகும், காற்றடித்தால் அந்த மரம் தன் பங்குக்குக் கொஞ்சம் பெய்யும். அதற்கடியில் நான் நின்றிருந்தேன். வழக்கமாக "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்பதற்கு மேல் பேசாதவர்கள்கூட அன்று நெருங்கி வந்தார்கள். ஒருவர், "ரொம்ப நாசூக்கா எழுதிட்டீங்க" என்றார். ஒரு அம்மாள் என் காதருகே குனிந்து, யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலை எங்கள் பகுதிப் பத்திரிகையில் என் கட்டுரை வெளிவந்திருந்தது. தேசியக் கட்சிகளில் வயதான தலைவர்கள் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றியது. தாம்பரத்தில் இத்தனை பேருக்குத் தில்லி அரசியலில் அக்கறை இருக்கிறதே என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன்.

அப்போது செல்லதுரை அண்ணன் படியிறங்கி வந்தார். எங்கள் பாடகர் குழுவின் தலைவர். எழுபதைத் தாண்டியவர். தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சுருதி பார்க்கும் ட்யூனிங் ஃபோர்க், கையில் குடை. நேராக ஆயரிடம் போய், குழுவின் அங்கிகள் வைக்கும் பீரோ சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். ஆயர் ஏதோ சொல்ல வந்தார். அண்ணன் அவருடைய விரல்களைத் தானே மூடிவிட்டு என்னிடம் வந்தார்.

"படிச்சேன் கிரேஸு. நல்லா எழுதியிருக்க."

அவ்வளவுதான். குடையை விரிக்காமலே, மரம் பெய்துகொண்டிருந்த மழைக்கு நடுவே தன் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்து, என் கணவர் சாம் கட்டுரையிலிருந்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. 'குரல் போன பிறகும் மைக்கை விடாதவர்களால் கூட்டத்துக்கு என்ன பயன்?' என்று எழுதியிருந்தேன். எழுதும்போது செல்லதுரை அண்ணன் என் நினைவிலேயே இல்லை. சத்தியமாகத் தில்லிதான் இருந்தது.

ஆனால் அதை நம்ப ஊரில் ஒரு ஆள் கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

விளம்பரம் தராத ஊர்

நான் வேலை பார்த்தது மத்திய அரசுக் கணக்கு அலுவலகம் ஒன்றில். போன வாரம் இந்தத் தொடரில், மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் நான் போட்ட சண்டைகளைப் படித்தவர்களுக்கு, ஓய்வுபெற்ற பிறகு நான் வீட்டில் சும்மா இருந்திருக்கமாட்டேன் என்பது தெரிந்திருக்கும். சாம்தான் முதலில் தாங்கமுடியாமல், உன் கருத்தையெல்லாம் எங்கேயாவது எழுதேன், நான் ஒருத்தனே எவ்வளவு கேட்பது என்றார்.

எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தினசரிப் பேப்பருக்குள் மடித்து வைத்து ஒரு இலவசப் பத்திரிகை வரும். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் அதுதான் எங்கள் உலகச் செய்தி. முக்கால்வாசி விளம்பரம். மனை விற்பனை, மூட்டுவலி, டியூஷன், ஜவுளி. மீதி இருக்கும் இடத்தில் சேதிகளும் கோலப்போட்டி முடிவுகளும் இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் அதன் அலுவலகம். ஆசிரியர், உரிமையாளர், விளம்பரம் பிடிப்பவர் எல்லாமே மோகன் சார் என்ற ஒரே மனிதர்.

முதல் கட்டுரையாக, ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் கார்கள் நிறுத்தி நடைபாதையை அடைத்திருப்பதைப் பற்றி எழுதிக்கொண்டு போனேன். மோகன் சார் ஆர்வமாகப் படித்தார். படித்து முடித்துப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். முழுப்பக்கம் அந்த மருத்துவமனையின் விளம்பரம்.

அடுத்து ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன். அது மூன்றாம் பக்கம். ஒரு ஸ்வீட் கடையின் எண்ணெயைப் பற்றி எழுதினேன். அவர்கள் தீபாவளிக்கு நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள். மோகன் சார் ஒன்றையும் கிழிக்கவில்லை. பத்திரமாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பிறகு நான் எதைப் பற்றித்தான் எழுதுவது என்று கேட்டேன்.

மோகன் சார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"தில்லி நமக்கு விளம்பரம் தர்றதில்ல மேடம். தாராளமா எழுதுங்க."

இப்படித்தான் நான் தேசிய விவகாரங்களில் கருத்துச் சொல்பவள் ஆனேன். 'தில்லிக்கு ஒரு வார்த்தை' என்று மோகன் சார் தலைப்பும் வைத்துக் கொடுத்தார். பட்ஜெட், வெளியுறவு, கூட்டணி, ரயில்வே, ரூபாயின் மதிப்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 'மத்திய அரசு இனியும் தாமதிக்கக்கூடாது' என்று எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறேன். அந்த எச்சரிக்கைக்குக் கீழேயே பெருங்களத்தூரில் எலி பிடிப்பவரின் தொலைபேசி எண் இருக்கும்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் மாதிரிச் சின்னப் பத்திரிகைகளில் எழுதுகிற எல்லோருக்கும் இதுதான் கதை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாட்டையே உலுக்குகிற மாதிரி எழுதுவோம். அடுத்த தெருவைப் பற்றி வாய் திறக்கமாட்டோம்.

ஏதோ ஒரு வட இந்திய நகரம்

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஒரு கட்டடக்காரர் இடிபாடுகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னால் லாரி வரும். உடைந்த செங்கல்லும் பழைய டைல்ஸும் தண்ணீருக்குள் சரியும். நான் அந்தப் பக்கம் நடக்கப் போகிறவள், கண்ணால் பார்த்தவள். மோகன் சாரிடம் போனேன். அவர் இரண்டாம் பக்க விளம்பரத்தைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கட்டடக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு உட்கார்ந்து, தேசிய நீர்க் கொள்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் 'வடக்கே ஒரு நகரத்தில்' ஒரு ஏரி. விடியலில் லாரி. உடைந்த டைல்ஸ். கரையில் வேலிகாத்தான் புதர். கொக்குகள் பயந்து எழும்பி, ரயில் பாதை தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்கின்றன. 'தில்லி இதைக் கவனிக்குமா?' என்று முடித்திருந்தேன்.

தில்லி கவனித்ததா என்று தெரியாது. பீர்க்கன்கரணை முழுக்கக் கவனித்தது. கட்டடக்காரரும் கவனித்தார். அவரால் சண்டைக்கு வரமுடியவில்லை. வந்தால் அந்த வடநாட்டு நகரம் தன்னுடையது என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். லாரி நின்றுபோயிற்று. இரண்டாம் பக்கத்தில் அவர் தொடர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இது நல்ல வழியாக இருக்கிறதே என்று இன்னும் சில தடவை அப்படி எழுதினேன். அதோடு என் வாசகர்கள் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அது என்னால் வந்த பழக்கம்தான், ஆனால் என்னால் நிறுத்தமுடியாத பழக்கம்.

"இந்த வாரம் யாரு?"

எங்கள் வீட்டுக்குப் பேப்பர் போடுகிற குமார் அந்தப் பகுதிக்கெல்லாம் ஏஜென்ட். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னா மேடம், இந்த வாரம் யாரு மாட்டிக்கினாரு?" என்பார். யாரும் இல்லை குமார், இது ரூபாய் மதிப்பைப் பற்றி என்பேன். புரிந்துகொண்டவர் மாதிரிக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவார்.

போகப் போக எதை எழுதினாலும் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். இரண்டு அண்டை நாடுகளின் எல்லைத் தகராறு பற்றி எழுதினால், நாலாவது குறுக்குத் தெருவில் காம்பவுண்டுச் சுவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். என்னைத் திட்டுவதில் அவர்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது, அது வேறு விஷயம். பட்ஜெட்டில் பெண்களுக்கு ஒன்றுமில்லை என்று எழுதினால், பக்கத்து வீட்டு மருமகள் ரகசியமாகக் கேசரி கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுத்துப் பார்த்தேன். மறுக்க மறுக்க உறுதியானது. தில்லியைப் பற்றி மட்டும் எழுதத் தெரிந்த ஒருத்தி, தில்லியைப் பற்றி எழுதுவதே இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

இந்த நிலையில்தான் அந்த மைக் வரியை எழுதித் தொலைத்தேன்.

சொல்லவும் முடியாது

செல்லதுரை அண்ணன் யார் என்று சொல்லவேண்டும். அவரும் நானும் பல வருடம் ஒரே ரயில். அவருக்குப் பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை. அப்போது எனக்கு அவரைத் தெரியாது. ஒருநாள் தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயில் தாமதம். நான் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். பாடக்கூட இல்லை. பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே "ஆல்டோ" என்றார். பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலுக்கு அப்படிப் பெயராம். அடுத்த சனிக்கிழமைப் பயிற்சியில் நான் அந்தக் குழுவில் இருந்தேன்.

ட்யூனிங் ஃபோர்க்கை முட்டியில் தட்டிக் காதோரம் வைத்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் அப்படியே இருப்பார். பிறகு, உச்சக்குரல் பெண்களிலிருந்து பேஸ் பாடும் அடிக்குரல் ஆண்கள் வரை, நாலு பகுதிக்கும் நாலு சுரத்தை முனகிக் கொடுப்பார். வைரம் மாதிரிக் குரல். அவருடைய மனைவி இறந்த வாரம்கூட வந்து நின்று கொடுத்தார்.

அந்த வருட ஈஸ்டரிலிருந்து அந்தக் குரல் இறங்க ஆரம்பித்திருந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் அரை சுரம் கீழே நின்றுவிடும். அவர் இறங்கினால் நாங்களும் மரியாதைக்கு இறங்குவோம். கீபோர்டு மட்டும் மேலேயே நின்று எங்கள் எல்லோரையும் காட்டிக்கொடுக்கும். கீபோர்டு வாசிக்கிற பியூலா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், தலையைத் தூக்கவேமாட்டாள். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அவர் சாவியைக் கொடுத்த பிறகு பியூலா தலைமை ஏற்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், குழு முன்னைவிட நன்றாகப் பாடியது. அதனால் என் புகழ் இன்னும் கூடியது. பேர் சொல்லாமல், மனம் புண்படாமல் எப்படி முடித்துவைத்தாள் பார் என்று பேசிக்கொண்டார்கள். செய்யாத காரியத்துக்குப் பாராட்டு வாங்குவது இவ்வளவு கசக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

செல்லதுரை அண்ணன் பயிற்சிக்கு வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை. அவர் கோபமாக இருப்பார், கொஞ்ச நாள் போகட்டும் என்று எல்லோரும் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

நான் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்று சாமிடம் சொன்னேன். அந்தக் கட்டுரை உங்களைப் பற்றியது இல்லை அண்ணே என்று.

சாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"குரல் போனவங்கன்னு எழுதிட்டு, அது உங்களைப் பத்தி இல்லன்னு அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுவியா? அப்போ அவருக்குக் குரல் போச்சுன்னு உனக்கும் தெரியும்னுதானே ஆகும்?"

அரசாங்கத்தில் இத்தனை வருடம் கோப்பு பார்த்தவள் நான். மேலே குறிப்பு எழுதாமல் இந்தக் கோப்பை அப்படியே மூடிவிட்டேன்.

மேலவையும் மைசூர்பாகும்

நேரில் போகமுடியாது என்றால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தில்லி வழியாகப் போவது.

அடுத்த வாரம் நாடாளுமன்ற மேலவையைப் பற்றி எழுதினேன். மூத்தவர்கள் அதிகாரத்தில் இல்லாவிட்டாலும் அவையில் இருக்கவேண்டும், அவர்கள் இல்லாத அவை அவையே இல்லை என்று உருகியிருந்தேன். செல்லதுரை அண்ணனுக்குப் புரியாமல் போகாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் காலனிச் சங்கத்தின் முன்னாள் தலைவர் அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்தார். புரிந்துவிட்டது மேடம் என்றார். சங்கத்தை விட்டு அவரை ஓரங்கட்டிப் பல வருடம் ஆகிறது. அன்று மாலையே கூட்டத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரையும் ஒரு பாடு படுத்திவிட்டார். சங்கத்துச் செயலாளர் என்னைப் பார்த்து இன்னும் சிரிப்பதில்லை.

அதற்கடுத்த வாரம் இன்னும் தெளிவாக எழுதினேன். கிரிக்கெட். முன்னாள் கேப்டன் ஒருவர் இளைய கேப்டனுக்குக் கீழே வந்து விளையாடுவதைவிடப் பெருமை வேறு உண்டா என்று கேட்டிருந்தேன். இதைவிட எப்படிச் சொல்வது? திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். தன் அப்பாவிடமிருந்து தொழிலைச் சமீபத்தில் வாங்கிக்கொண்டவராம். எங்கள் வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆரம்பித்து, அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பட்டறைக் கதவில் ஒட்டிவிட்டதாகப் புலம்பினார்.

யார் யாரோ படித்தார்கள். படிக்கவேண்டியவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. காரணத்தைக் குமார்தான் சொன்னார். டிசம்பர் பிறந்திருந்தது. மாதப் பணம் வாங்க வந்தவரிடம், பீர்க்கன்கரணையில் செல்லதுரை சார் எப்படி இருக்கிறார் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"பெரியவரா? அந்த எலவசத்த அப்பவே போடாதன்ட்டாரு மேடம். இப்ப பேப்பரயே நிறுத்த சொல்லிகிறாரு. பெங்களூர்ல பொண்ணு வூட்டுக்குப் போறாரு. கிறிஸ்மஸ் அங்கதானாம், திரும்பலாம் வரமாட்டாரு. வூட்ட வாடகைக்கு வுட்டுட்டாரே, தெரியாதா?"

தெரியாது. எனக்கு மட்டும் இல்லை, ஆலயத்தில் யாருக்கும் தெரியாது. நாங்கள் எல்லோரும் நாகரிகமாக ஒதுங்கியிருந்த நேரத்தில் அந்த மனுஷன் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கடுங்காப்பி

ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் பிடித்து இரும்புலியூர் தாண்டும் வரைக்கும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். எத்தனையோ வருடமாக எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமே இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் 'மத்திய அரசு' என்று ஆரம்பிக்கப் பார்த்தது.

ஏரி தளும்ப இருந்தது. கரையோரம் ஆகாயத்தாமரை மண்டி, மழைக்காலத்துக்கே உரிய பாசி நாற்றம். அவர் வீட்டு வாசற்கதவு திறந்திருந்தது. கூடத்தில் அட்டைப் பெட்டிகள், பிளாஸ்டிக் கயிறு கட்டி. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்களெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கோபத்துக்குத் தயாராகப் போயிருந்தேன். பாலையும் நிறுத்திவிட்டேன், கடுங்காப்பிதான் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் இரண்டு டம்ளரில் கொண்டுவந்தார். சுக்கு வாசனை அடித்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, எங்கே தைரியம் போய்விடுமோ என்று உடனே ஆரம்பித்தேன்.

"அண்ணே, அந்தக் கட்டுரை உங்களைப் பத்தி இல்ல. கட்சித் தலைவருங்களைப் பத்தி."

அவர் சிரித்தார். "தெரியும்மா. நீ எப்பவும் தில்லியப் பத்தித்தான் எழுதுவ."

சொன்ன விதத்திலேயே அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. பிறகு அவராகப் பேச ஆரம்பித்தார்.

ஈஸ்டர் ஆராதனையை யாரோ செல்போனில் பிடித்துப் பெங்களூருக்கு அனுப்ப, மகள் அதை அவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாள். கேட்டிருக்கிறார். தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, அன்று மத்தியானம் சாப்பிடவில்லையாம். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், இன்றைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறார். சொல்லிவிட்டால் இறங்கிவிடலாம் என்று. ஒருவரும் சொல்லவில்லை. ஆயரிடம் அவரே கேட்டதற்கு, கர்த்தருக்குப் பாடுகிறோம், அதில் என்ன இருக்கிறது என்றாராம். பியூலாவிடம் கேட்டபோது அவள் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாளாம்.

"நானா எப்படிம்மா எறங்குவேன்? எறங்கினா, ஐயோ அண்ணே நல்லாத்தானே இருக்குன்னு பிடிச்சு வெப்பாங்க. நீ ஒருத்திதான் சொன்ன. அதுவும் எம் பேரச் சொல்லாம."

டம்ளரைக் கீழே வைத்தேன். மறுபடியும் இல்லை அண்ணே, அது உங்களைப் பற்றி இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன மிஞ்சும்? அத்தனை பேரில் ஒருத்திக்காவது தன் மேல் அக்கறை இருந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதையும் பிடுங்கிக்கொண்டு வருவதா? எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கஷ்டம் என் கண்ணெதிரே நடந்தபோது நான் ரூபாய் மதிப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு வலித்தது.

கோபம் இல்லையென்றால் ஏன் இலவசப் பத்திரிகையை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அதைப் பார்த்தால் சனிக்கிழமை ஞாபகம் வருகிறது என்றார். ஏன் ஆராதனைக்குக்கூட வரவில்லை என்று கேட்டேன். முன்னால் நின்றவன் கீழே உட்கார்ந்திருந்தால் எல்லோரும் தன் முகத்தையே பார்ப்பார்கள், பியூலாவுக்குத்தான் சங்கடம் என்றார். பிறகு ஏரிப் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார்.

"யாரும் வரலியேம்மா. வேலை முடிஞ்சுது, அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன்."

அதற்கு மேல் எனக்குத் தில்லி தேவைப்படவில்லை.

"அண்ணே, நேராச் சொல்றேன். உங்க குரல் போச்சு. பியூலா வந்த பிறகு கொயர் நல்லாப் பாடுது, நீங்க இருந்தப்பவிட நல்லாப் பாடுது. ஆனா சனிக்கிழமை அந்த ரூமுக்குள்ள போகவே எனக்குப் பிடிக்கல. நீங்க போகக்கூடாது. வரணும்."

வெளியே கொக்கு ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. அவர் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரம்பு மீறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

"முன்னாலயா?" என்றார் கடைசியில்.

"இல்ல. பின் வரிசை. பேஸ். தூண் பக்கத்துல."

"வெளியிலேர்ந்து ஆதரவு குடுத்தாப் பத்தாதா?"

"பத்தாது. உள்ள வந்து உக்காரணும்."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு, சூடு பண்ணி வருகிறேன் என்று உள்ளே போனார். அவர் திரும்பி வர நேரம் பிடித்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

தூணுக்குப் பக்கத்தில்

வீடு அவருக்கு இல்லையென்று ஆகியிருந்தது. வாடகைக்கு வருகிறவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். மாடியில் ஒரு அறை இருந்தது. அது தனக்குப் போதும் என்று, கட்டிய பெட்டிகளில் பாதியை மாடிக்கே ஏற்றினார். மகளுக்குத்தான் வருத்தம். அவளிடம் பேசச் சொல்லி என்னிடமே போனைக் கொடுத்தார். அந்தப் பெண் என்னை நன்றாகத் திட்டினாள். திட்டிவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்று அழுதாள்.

சனிக்கிழமை பயிற்சி பாதியில் இருக்கும்போது கதவு திறந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பியூலா கீபோர்டிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, பின் வரிசைக்கு நடந்து, தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பியூலா ஒரு நகல் தாளை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்து, "மூணாவது வரியில மெதுவா எடுக்கணும் அங்கிள்" என்றாள். அவர் பேனாவை எடுத்து அந்த இடத்தில் குறித்துக்கொண்டார்.

கிறிஸ்மஸ் அன்று பாடினோம். மேலே போகிற வரிகளில் அவர் வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றார். கீழே இறங்குகிற வரிகளில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. கரகரப்பாகத்தான் இருந்தது. எனக்குப் பாட்டு இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. அழுதுகொண்டு ஆல்டோ பாடமுடியாது.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ குமார் வாசலில் வண்டியை நிறுத்திச் சொன்னார். பெரியவர் மறுபடி பேப்பர் போடச் சொல்லிவிட்டாராம். இலவசத்தையும் சேர்த்து.

அதற்குப் பிறகு ஆலயத்துக்கு யார் புதிதாக வந்தாலும் செல்லதுரை அண்ணன் என்னைக் கூப்பிட்டு அறிமுகம் செய்து வைக்கிறார். என் தங்கச்சி மாதிரி, பத்திரிகையில் எழுதுகிறவள், என்னைப் பற்றிக்கூட ஒரு தடவை எழுதினாள், பேரே சொல்லாமல் என்று பெருமையோடு சொல்வார். நான் மறுப்பதை நிறுத்திவிட்டேன். தில்லிக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. மத்திய அரசு இனியும் தாமதிக்கக்கூடாது என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த வாரம் அவருடைய பேர், ஏரி, மாடியறை, கடுங்காப்பி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன். முதல் தடவையாக உண்மையிலேயே அவரைப் பற்றித்தான். அனுப்புவதற்கு முன்னால், அச்சில் வரலாமா என்று கேட்டு அவரையே படிக்கச் சொன்னேன். போன சனிக்கிழமை, பயிற்சி ஆரம்பிப்பதற்கு முன், தூணில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் படித்தார். படித்து முடித்து, மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் குனிந்து கேட்டார்.

"நல்லாருக்கு கிரேஸு. இதுல நெசமா யாரச் சொல்றம்மா?"